அக்காவின் பெயரில் வந்த புலமைப்பரிசில்

அமெரிக்காவிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் முதல் வரியில் இறந்துபோன ஒருத்தியின் பெயர் இருந்தது. உன் உயரம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, உன் இடக்கை எறிதல் அபாரம், எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு நீ வரவேண்டும் என்று அவளை அழைத்து எழுதியிருந்தார்கள். ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையலறையில் நின்று நான் அவற்றை வாசிப்பேன். உயரம் என்னுடையது. எறிந்த கையும் என்னுடையதுதான், அதில் அப்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. பெயர் என் பெரியம்மாவின் மகளுடையது.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பெரியப்பா முதலில் ஓக்லாந்துக்கு வந்து, ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்து, மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைக்கும்வரை மூன்று வருடம் காத்திருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. விசா குத்திய கடவுச்சீட்டுகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த கிழமையே அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு நாள் பிந்திவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பெரியவர்கள் என் வீட்டில் கூடிக் கதைத்தார்கள். விசாவுக்குக் கெடு இருந்தது. அக்காவின் கடவுச்சீட்டு மேசையில் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயதுதான், ஆனால் பதினைந்து என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள், அவ்வளவு உயரம். அக்காவின் சாயலும் இருந்தது. இங்கே இருந்து சாகாமல் ஒன்றாவது தப்பட்டும் என்று என் அப்பா சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. உயரமான பிள்ளைகளிடம் எதுவும் கேட்கத் தேவையில்லை என்று பெரியவர்களுக்கு ஓர் எண்ணம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்பே நாங்கள் புறப்பட்டுவிட்டோம். அதனால் அக்காவுக்கு அந்தியேட்டி நடக்கவில்லை. கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்கவில்லை, பத்திரிகையில் மரண அறிவித்தல் போடவில்லை. போட்டால் பெயர் வெளியே வந்துவிடும். கடவுச்சீட்டில் அடையாளம் என்ற இடத்தில் ‘இடது புருவத்தில் தழும்பு’ என்று எழுதியிருந்தது. விமானத்தின் கழிப்பறையில் பெரியம்மா என்னை நிறுத்தி, பிளேடால் என் இடது புருவத்தின் நடுவே ஒரு மெல்லிய கோடு மழித்தார். முடிந்ததும் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானும் “ஓம்” என்றேன்.

ஓக்லாந்து விமான நிலையத்தில் பெரியப்பா காத்திருந்தார். மகள் இறந்தது அவருக்குத் தந்தியில் தெரியும். நான் வருவதும் தெரியும். அப்படியிருந்தும் கதவு திறந்து நாங்கள் வெளியே வந்தபோது அவருடைய முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் கண்டேன். பிறகு அது அணைந்துவிட்டது. அவர் கடைசிவரை என்னை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. என் சொந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. “பிள்ளை” என்பதோடு சரி.

பெரியம்மா அப்படியல்ல. காலையில் எழுப்புவதிலிருந்து அந்தப் பெயர்தான். புருவத்து முடி வளர வளர மாதம் ஒருமுறை மழித்துவிடுவார். இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால் காதில் விழாததுபோல் இருப்பார். ஊரில் இருந்த என் அம்மா எழுதும் கடிதங்களின் அடியில் ‘இப்படிக்கு, சித்தி’ என்று இருக்கும். கடிதத்தை யாரும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். பெற்ற தாயைச் சித்தி என்று வாசிக்கவேண்டியிருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பந்திடம் காட்டினேன்.

எங்கள் பள்ளியில் உயரமான பெண்ணைக் கண்டால் வலைப்பந்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். என்னையும் இழுத்தார்கள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. பக்கத்துத் திடலில் பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி எழும்பிக் கூடைக்குள் போடுவதைக் கண்டு அங்கே போய்விட்டேன். பெண்களுக்கும் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அதை நடத்திய உடற்பயிற்சி ஆசிரியை, குரல் கரகரத்த, நல்ல மனம் படைத்த வெள்ளைக்காரி, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பனியனை எடுத்து எறிந்தார். அந்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் தார்த் திடலில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு கிழமை மாக்கட்டு. சும்மா இருக்காமல் இடது கையைப் பழக்கு என்றார் ஆசிரியை. பழக்கினேன். கட்டை அவிழ்த்தபோது வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பந்து இடது கையைத்தான் தேடிப் போனது. இடது கையால் எறிந்தால் வளையத்தில்கூடப் படாமல் வலைக்குள் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என் இடது கை சோற்றுக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. பெரியம்மா கவனித்தார். இடது கையால் சாப்பிட்டால் அடி விழும் வீடு எங்களுடையது. அன்றைக்கு அடி விழவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உந்தக் கையை எத்தினை தரம் அடிச்சிருப்பன். மாத்தவே ஏலாமப் போச்சு” என்றார்.

அடிவாங்கியது அக்கா. அக்காதான் இடக்கைக்காரி. நான் அதை மறந்தே போயிருந்தேன். பெரியப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அப்படிப் பல நடந்தன. சட்டை தைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, “தபாற்கந்தோருக்கு முன்னால உன்னை ஒரு நாய் துரத்தினது ஞாபகமிருக்கே?” என்று கேட்டார். “ஓம், கறுப்பு நாய்” என்றேன். தையல் இயந்திரம் நின்றது. அவர் நிறத்தைச் சொல்லவில்லை. சின்ன வயதில் அக்காவே எனக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த நாய் என்னைத் துரத்தியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் பாவாடையின் கரையை அது பிடித்ததுகூட.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதிக்கு ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாக வந்தது. அந்த வீட்டு அன்ரி ஊரில் அக்காவுக்கு ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் என்று தெரியவந்தது. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனோம். அன்ரி என் நாடியைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணுக்குள் பார்த்தார். முடிந்தது கதை என்று நான் நினைத்தேன்.

“வளர்ந்திட்டியே ஒழிய முகம் அப்பிடியே இருக்கு. எங்க கண்டாலும் உன்னை நான் மட்டுக்கட்டியிருப்பன்” என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் பெரியம்மா மனம் குளிர அதையே இரண்டு மூன்று தரம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மாட்டிக்கொள்ளாதது நல்லது என்று தெரிந்தும் வந்தது. என்னைத் தெரியாது என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

அந்த வருடம் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கை என் முகத்தில் பட்டது. இரத்தம் கண்ணை மறைத்தது. டாக்டர் நான்கு தையல் போட்டார். கட்டைப் பிரித்தபோது இடது புருவத்தின் சரி நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதில் முடி முளைக்கவில்லை, இன்றுவரைக்கும் முளைக்கவில்லை. பெரியம்மா விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிளேடைக் குளியலறை அலமாரியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டார். கடவுச்சீட்டில் எழுதியிருந்தது எல்லாம் இப்போது என் உடம்பில் இருந்தது.

பெரியம்மா முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்ததும் அந்தப் பருவத்தில்தான். கடைசி நிமிடத்தில் நான் தொடர்ந்து மூன்று கூடை போட்டேன். மண்டபம் முழுவதும் காலைத் தரையில் அடித்து அக்காவின் பெயரைக் கத்தியது. இருநூறு முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், மவோரிப் பிள்ளைகள், சமோவாப் பிள்ளைகள், எல்லோர் வாயிலும் அந்தப் பெயர். நான் மேலே பார்த்தேன். பெரியம்மா எழுந்து நின்றிருந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்தின் எதிர்ப்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது, யாரோ கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார்கள் என்பதுபோல. அதன்பிறகு அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. கூடைப்பந்தின் ஒரு விதிகூட அவருக்குத் தெரியாது. பெயரைக் கேட்கத்தான் வந்தார்.

புலமைப்பரிசில் யோசனை ஆசிரியையுடையது. அமெரிக்கக் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரிகளுக்குப் படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து எடுப்பார்கள் என்றார். பள்ளி வீடியோக் கமெராவால் என் ஆட்டங்களைப் படம்பிடித்து, ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பினார். பிரதி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெரியம்மா பின்னேரங்களில் அதைப் போட்டுப் பார்ப்பார். நான் பள்ளியால் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு கூட்டம் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டிருக்கும்.

ஐந்தில் ஒரு கல்லூரி பதில் எழுதியது. சுற்றிவரச் சோளக் காணிகள் உள்ள ஒரு சின்ன ஊர். அந்தப் பயிற்சியாளரின் கடிதங்களை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். எனக்கு அங்கே போகவேண்டும். அதைப்போல ஒன்றுக்கு நான் அதுவரை ஆசைப்பட்டதில்லை. ஆட்டம் ஒரு காரணம், படிப்பு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு. அங்கே அக்காவைத் தெரிந்த ஒருவரும் இல்லை. நான் திரும்பினால் என்னைத்தான் பார்ப்பார்கள். பெயர் வேண்டுமானால் அவளுடையதாக இருக்கட்டும், நான்கு வருடம் பாவித்தால் அது என்னுடையதாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கடவுச்சீட்டின்படி எனக்குப் பதினெட்டு. உண்மையில் பதினாறு. அமெரிக்கப் பரீட்சை எழுதினேன், தேறினேன். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு கிழமையைக் குறித்து, அதற்குள் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைக்கிறேன், பெற்றோருடனும் உன்னுடனும் கதைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்வோம் என்று பயிற்சியாளர் எழுதினார். அந்தக் கிழமை முழுவதும் நான் காலையில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டேன். வியாழக்கிழமை மட்டும் விடியப் பயிற்சி இருந்தது, போகாமல் இருக்க முடியவில்லை. மற்ற நாட்களில் அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமை யாரும் எடுத்தார்களா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, “வேலைக்கு நேரமாச்சு பிள்ளை” என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஆசிரியை வகுப்புக்கு நடுவில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மேசையில் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய கடிதம் கிடந்தது.

“இதை வாசி. எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை” என்றார்.

வாசித்தேன். நான் இறந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டுப் பயிற்சியாளர் அதிர்ந்துபோனதாக எழுதியிருந்தார். என் தந்தையே தொலைபேசியில் சொன்னாராம். என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை, ஆனாலும் விரைவில் கொடுத்தாகவேண்டும் என்றும் இருந்தது. பெயர் மூன்று இடத்தில் வந்தது. எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் ஊர்ந்தன. என் கையைப் பார்த்தேன். கடிதத்தை இடது கையில் பிடித்திருந்தேன்.

“ஏதோ பைத்தியக்காரத்தனம் நடந்திருக்கிறது. நாளைக்குக் காலையில் நான் அழைத்து, இவள் உயிரோடு என் முன்னால் நிற்கிறாள் என்று சொல்கிறேன். உன் வீட்டில் ஒரு தரம் கேட்டுக்கொண்டு வா, அவ்வளவுதான்” என்றார் ஆசிரியை.

வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். பெரியப்பாவைக் கிழித்துப் போடும் கோபம். அவருக்கு அன்று வேலை இல்லை. சமையலறை மேசையில் அவர் இருந்தார், எதிரே பெரியம்மா இருந்தார். நடுவில் ஒரு தபாலட்டை, வெள்ளைப் பூ போட்டது. பெற்றோருக்கென்று தனியாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. பெரியப்பா வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மகளை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அவளுடைய ஆட்டத்தைப் பல தரம் பார்த்தேன். இப்படி ஒரு பிள்ளையை இழந்த உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. செத்த வீட்டில்கூட அழவில்லை, அதன்பிறகு பயண ஆயத்தம் வந்துவிட்டது. இப்போது நெஞ்சில் அடித்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். வாசலில் நின்ற நான் அந்தப் பெயருக்கு இந்தமுறை பதில் சொல்லவில்லை. கூப்பிட்டது என்னை இல்லை என்பது எனக்கு முதல்முறையாகச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

பெரியப்பா என்னைக் கண்டு எழுந்து வந்தார்.

“அண்டைக்கு அவளின்ர திதி, பிள்ளை. வருசா வருசம் பஞ்சாங்கம் எடுப்பிச்சுப் பாத்து, ஒருத்தருக்கும் சொல்லாம, குளிச்சிட்டு மதிலில மைனாவுக்குச் சோறு வைக்கிறனான். இஞ்ச காகம் இல்லையெல்லோ. வச்சிட்டு உள்ள வாறன், ரெலிபோன் அடிக்குது. ஒரு பொம்பிளை அவளின்ர பேரைச் சொல்லி, இருக்கிறாவோ எண்டு கேக்கிறா. மற்ற நாளெண்டா சமாளிச்சிருப்பன். அண்டைக்கு ஏலாமப் போச்சு. செத்துப் போனாள் எண்டு சொல்லிப்போட்டன்.”

நான் பள்ளிப் பையை வாசலில் இறக்கி வைத்தேன்.

“நம்பர் கிடக்கு. பிழை நடந்துபோச்சு எண்டு நானே எடுத்துச் சொல்லுறன். உன்ர வாழ்க்கையை நான் கெடுக்கக்கூடாது” என்றார்.

“ஓம், எடுத்துச் சொல்லுங்கோ” என்று பெரியம்மாவும் சொன்னார். முகத்தைச் சேலையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். “பிள்ளை போகட்டும். கஷ்டப்பட்டு விளையாடினவள். அவள் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ. ஆனா…” என்று நிறுத்திவிட்டு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல என்னிடம் கேட்டார். “இதைத் திருப்பி அனுப்பவேணுமோ? இதை மட்டும் நான் வச்சிருக்கட்டே?”

அக்கா இறந்ததற்கு எங்களுக்கு வந்த ஒரே இரங்கல் அது. உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் அவள் செத்துப்போனாள் என்று எழுதியிருந்தது. மற்றத் தாள்களில் எல்லாம் அவள் இருந்தாள், வளர்ந்தாள், பரீட்சை எழுதினாள், கூடை போட்டாள்.

அன்று முழுவதும் யோசித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். யோசிக்கவில்லை. கோபத்தோடு சாப்பிட்டேன், கோபத்தோடு படுத்தேன். நான் பட்ட பாடு எல்லாம் வீணா என்று கேட்டுக் குமுறினேன். இன்றும் தொலைக்காட்சியில் கல்லூரிப் பெண்கள் ஆடுவதைக் கண்டால் அந்தக் கோபம் வரும். ஆனால் காலையில் நான் எழுந்தபோது பெரியம்மா அடுப்படியில் அக்காவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். படைக்கப் போவதாகச் சொன்னார். என்னை “பிள்ளை” என்று கூப்பிட்டார்.

ஆசிரியை எனக்காகவே நேரத்தோடு வந்து காத்திருந்தார். அமெரிக்கத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வைத்து, கையை ரிசீவரில் வைத்திருந்தார்.

“எடுக்கவா?”

“வேண்டாம்.”

அவர் என்னைக் கனநேரம் பார்த்தார். என் புருவத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைக்கூடப் பார்த்தார். எதைத் தேடினாரோ தெரியாது.

“அப்படியானால் அவர்களுக்கு நான் என்ன சொல்வது?”

“அட்டை வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்” என்றேன். “அவளுடைய அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.”